ஏசி ஓடுது, ரூம் குளிரலை: கேஸ் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசி வரை போகும். அறுப்பு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தூசி, பதர், வைக்கோல் துகள்தான். ரோட்டோரம் நெல்லைக் காயவைத்துத் தூற்றும்போது கிளம்பும் சுணை வேறு. மழை, பனி மாதங்களில் தொடாமல் கிடந்த ஏசியை மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ போடுகிறோம். வெளியே மாட்டிய பெட்டியான அவுட்டோரின் ஃபேன் அந்தச் சுணையையும் பதரையும் இழுத்துப் பின்பக்கத் தகடுகளில் அப்பிக்கொள்கிறது. பத்து நாளில் கூலிங் விழுந்துவிடும்.

அதன் பிறகு நடப்பது தஞ்சாவூரிலும் ஒன்றுதான், மன்னார்குடியிலும் ஒன்றுதான். ஆளைக் கூப்பிடுகிறோம். வந்தவர் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சிடலாம்" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் போகிறது. போகும்போது பெட்டியையும் கழுவிவிட்டுப் போவதால் அன்றைக்கு ஏசி நன்றாகவே குளிரும். குளிர்ந்தது கழுவியதாலா, கேஸாலா என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வழியில்லை.

ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர், அவுட்டோர் காயில், அறைக்குள் இருக்கும் இன்டோர் பெட்டியின் காயில், நடுவில் இரண்டு செம்புக் குழாய். காயில் என்பது தகடுகள் கோத்த வளைகுழாய். இந்த அடைபட்ட சுற்றுக்குள்தான் கேஸ் போய்ப்போய் வருகிறது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை அது. பத்து வருஷம் ஓடினாலும் கம்பெனியில் அடைத்த அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிக்கணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதனால்தான் இங்கே கேஸைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வருவதையெல்லாம் பெரும்பாலும் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு அளவு எடுங்கள்

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ரிமோட்டில் பனிப்பூ அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். சொட்டுத் தண்ணீர் அடையாளமோ ஃபேன் அடையாளமோ இருந்தால் ஏசி குளிர்விக்கும் மோடில் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். 18 டிகிரி வைத்து, ஃபேனைக் கூட்டி, கதவைச் சாத்தி இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். இன்வெர்ட்டர் ஏசி, அதாவது கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை, வைத்த அளவை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதனால்தான் 18.

பிறகு இன்டோரின் மேல்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு. கீழே காற்று வெளியே வரும் வாயில் ஒரு அளவு. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு அறையில்தான், அவுட்டோரைப் பிரிக்க விடாதீர்கள். 5 டிகிரிக்கும் கீழே என்றால் மெஷினில் ஏதோ இருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரிக் கடலோர ஊர்களிலும், மழை விட்ட ராத்திரிகளிலும் 7 டிகிரி வந்தாலும் பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதிலேயே ஏசியின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும்.

இந்த இரண்டு எண்களையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். சர்வீஸ் முடிந்ததும் அதே மாதிரி அளந்து பாருங்கள். வேலை நடந்ததா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காற்று குறைவாக வருகிறது, அல்லது காயிலில் ஐஸ் கட்டுகிறது

ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் கையோடு வரும் இரண்டு வலைகள். சாதாரண நாளில் மாதம் ஒருமுறை, அறுவடை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சட்டம் வளைந்து மறுபடி சரியாக உட்காராது. அந்த இடுக்கு வழியாகத் தூசி நேராகக் காயிலுக்குப் போகும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று குறைவு என்றால் உள்ளே ப்ளோயரைப் பாருங்கள். காற்று வெளியே வரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் உருளை மாதிரி ஒன்று தெரியும். அதன் இதழ்களில் கறுப்பாகப் படை ஏறியிருந்தால் கழற்றிக் கழுவும் சர்வீஸ் தேவை. பை கட்டித் தண்ணீர் அடிக்கும் சர்வீஸில் காயில்தான் சுத்தமாகும். ப்ளோயர் பல சமயம் அப்படியே நிற்கும். அதையும் கழுவச் சொல்லிக் கேளுங்கள்.

ஐஸ் கட்டியிருந்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துச் சுரண்டாதீர்கள். காயில் குழாய் மெல்லியது, ஒரு கீறலில் நிஜமாகவே கேஸ் போய்விடும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள், உருகிவிடும். அப்புறம் ஃபில்டரையும் ப்ளோயரையும் சுத்தம் செய்து மறுபடி போட்டுப் பாருங்கள். ஐஸ் திரும்பக் கட்டினால்தான் கேஸ் மீது சந்தேகப்பட வேண்டும்.

காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சி இல்லை

வெளியே போய் அவுட்டோரைப் பாருங்கள். ஃபேன் சுற்றி, சூடான காற்று முகத்தில் அடித்தால் கம்ப்ரஸர் ஓடுகிறது. அப்படியானால் பெட்டியின் பின்பக்கத்துக்கு வாருங்கள். அங்கேதான் பதர் இருக்கும். அருகே போய்ப் பார்த்தால் தகடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய கோடு கோடான இடைவெளியே தெரியாமல், சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியதுபோல் மூடியிருக்கும். விரலால் வழித்தால் சுணையும் வைக்கோல் துகளும் பாளமாக உரிந்து வரும். அறையிலிருந்து இழுத்த சூட்டை வெளியே தள்ள வேண்டிய இடமே அதுதான். மூடியிருந்தால் கேஸ் எவ்வளவு இருந்தாலும் அறை குளிராது, கரண்ட் பில்லும் ஏறும்.

கழுவுவதற்கு முன் மெயின் சுவிட்சையோ எம்சிபி எனும் ட்ரிப் சுவிட்சையோ அணைத்துவிடுங்கள், ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. காய்ந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, தோட்டத்துக் குழாயால் சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். வயர் போகும் பக்கத்துப் பெட்டியில் தண்ணீர் படக்கூடாது. வண்டி கழுவும் பம்பை வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, பதர் அடைத்ததைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். தரையில் நின்று எட்டும் பெட்டியை மட்டும் நீங்கள் தொடுங்கள். மாடிச் சுவரில் ஸ்டாண்டில் நிற்கும் பெட்டிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கடலோரத்தில் துருப்பிடித்த ஸ்டாண்டை நம்பிக் கையூன்றுவது உயிருக்கு ஆபத்து.

நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று அலுமினியத்தை அரித்து, தொட்டால் பொடியாக உதிரும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அவுட்டோரை அலசிவிட்டால் ஆயுசு கூடும். நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் போர்த் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அவுட்டோர் உறுமுகிறது, நின்றுவிடுகிறது

இந்தப் புகார் பெரும்பாலும் சாயங்காலத்தில் வரும், இல்லையென்றால் வயலுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் வரும். சித்திரை, வைகாசியில் கால்வாயில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பதே ஜூன் 12ஆம் தேதிதான். அதுவரை கோடை நெல்லும் பருத்தியும் நிலத்தடி நீரை இறைக்கும் ஃபில்டர் பாயிண்ட் மோட்டாரை நம்பித்தான் நிற்கின்றன. ஊர் முழுக்க மோட்டாரும் ஏசியும் ஒரே சமயத்தில் ஓடினால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் ஆச்சரியமில்லை.

பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும், "உம்ம்" என்று உறுமும், சூடேறிக் கட் ஆகும். சில நிமிஷம் கழித்து மறுபடி முயலும். இன்வெர்ட்டர் ஏசி பெரும்பாலும் நிற்காது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது கரண்ட் கோளாறாகவே தெரியாது, கூலிங் குறைவாகத்தான் தெரியும். "ராத்திரி பதினொரு மணிக்கு மேல நல்லா குளிருதுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது வோல்டேஜ்தான்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஏசி ஓடும்போதே இரண்டு இடத்தில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள்: மீட்டர் பெட்டியில் ஒன்று, ஏசி பிளக் இருக்கும் சாக்கெட்டில் ஒன்று. இரண்டிலும் குறைவு என்றால் லைனில் குறை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987 என்ற எண்ணில், புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவே சேர்ந்து பதிந்தால் இன்னும் நல்லது. மீட்டரில் சரியாக இருந்து சாக்கெட்டில் மட்டும் குறைந்தால் உங்கள் வீட்டு வயரிங்கில் குறை. ஃபேனுக்குப் போட்ட மெல்லிய வயரில் ஏசியை இணைத்திருப்பார்கள், அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸாக இருக்கும். 1.5 டன் ஏசிக்கு டிபியிலிருந்து (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுப்பது நல்லது. பிளக் தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, சாக்கெட் பழுப்பேறி இருந்தாலோ அன்றைக்கே ஏசியை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கும் இடம்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால், பழைய ஏசிகளில் கம்ப்ரஸர் கிளம்ப உதவும் கெபாசிட்டர் போயிருக்கலாம். மேல்பக்கம் உப்பியிருந்தால் பார்த்ததுமே தெரியும். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் கரண்டை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் நீங்கள் கை வைக்கக்கூடாது. ஃபேன் நின்று கம்ப்ரஸர் மட்டும் ஓடினாலும் உடனே அணைத்துவிடுங்கள், கம்ப்ரஸரே போய்விடும்.

அவுட்டோர் அசையவே இல்லை என்றால் ரிமோட்டில் போட்டு மூன்று நான்கு நிமிஷம் பொறுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு உடனே கிளம்பாதபடி கம்பெனியிலேயே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால் பெட்டிக்குள் பல்லி, எறும்பு புகுந்திருக்கலாம். ஊருக்குள் இது மிகச் சாதாரணம். எறும்பு ரிலே முனைகளுக்கு நடுவில் போய் நசுங்கும், பல்லி போர்டின் மேல் ஏறிக் கருகும். வயலை ஒட்டிய வீடுகளில் எலி வயரைக் கடித்திருக்கும்.

ராத்திரி பரவாயில்லை, மத்தியானம் குளிரவே மாட்டேன் என்கிறது

அளவெடுத்ததில் வித்தியாசம் சரியாக வந்து, அறை மட்டும் 29, 30 டிகிரியிலேயே நின்றால் இதுதான். அறைக்குள் வரும் சூடு ஏசி வெளியே தள்ளும் அளவைவிடக் கூடுதல்.

ஒரு டன் ஏசி என்றால் மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் சூட்டை இழுக்கும். அதுவும் சோதனைக் கூடத்தில் வெளியே 35 டிகிரி வைத்து அளந்த கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 இருந்தால் அந்த அளவு கிடைக்காது. மேலே இன்னொரு மாடி இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன் போதும். அதே அறைக்கு மேலே வெறும் மொட்டை மாடி, மேற்குப் பார்த்த சுவர் என்றால் 1.5 டன்னே திணறும். பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிப்பதோ, கீற்றுப் பந்தல் போடுவதோ பெரிய டன் வாங்குவதைவிட மலிவு. வருஷா வருஷம் கரண்டும் மிச்சம். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், செய்தவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துப் பழைய வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. வீட்டுக்கு வீடு பொதுச்சுவர் என்பதால் அவுட்டோரை வைக்க இடமில்லாமல் முற்றத்திலோ, ஒரு முழ அகலச் சந்திலோ மாட்டிவிடுவார்கள். அது தள்ளும் சூடான காற்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி அதன் பின்பக்கமே உள்ளே போகும். மத்தியானம் அந்தச் சந்தில் போய் நின்று பாருங்கள், அனல் தாங்காது. பெட்டியை மாடிக்கு ஏற்றி, பின்னால் ஒரு அடியாவது, முன்னால் நான்கைந்து அடி திறந்த வெளியாவது விட்டு, மேலே நிழலுக்கு ஒரு தகடு போட்டால் ஏசி புதிதாக வாங்கியதுபோல் ஓடும். நிழல் போடுகிறேன் என்று நான்கு பக்கமும் மூடிவிடாதீர்கள்.

குளிர்கிறது, ஆனாலும் கசகசப்பு

ஈரம். ஆடிப் பெருக்குக்கு அப்புறம் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் மாதங்களில் இது வரும். கதவின் கீழ் இடைவெளி, பழைய வீட்டு வென்டிலேட்டர், அறையோடு சேர்ந்த குளியலறைக் கதவு, இவை வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தால் ஏசி பிழிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஏசி அறையில் துணி உலர்த்தாதீர்கள், ஈர நெல் மூட்டை அடுக்காதீர்கள். ஃபேன் வேகத்தைக் குறைத்தால் காயிலில் ஈரம் அதிகம் இறங்கும். டிரை மோடு இதற்குத்தான் இருக்கிறது. தேவைக்கு மேல் பெரிய ஏசி மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும்: சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும்.

இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

ட்ரெயின் பைப் அடைப்பு. வெளி முனையைப் பாருங்கள். இங்கே குளவி மண் கூடு கட்டி மூடியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். குச்சியால் இடித்துத் திறந்து, முனையில் கொசுவலைத் துண்டு கட்டிவிடுங்கள், இறுக்கமாக வேண்டாம். உள்ளே பாசி என்றால் மேலிருந்து தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டும்.

தலைகீழான அறிகுறியும் உண்டு. புழுக்கமான நாளில் ஏசி ஒரு மணி நேரம் ஓடியும் வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, உள்ளேயும் சொட்டவில்லை. அப்படியானால் காயில் குளிரவே இல்லை. இங்கேதான் கேஸ் பேச்சு வருகிறது.

இனி கேஸ்

அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் சேரும். இருபது நிமிஷம் ஓடிய பிறகு தடித்த குழாயைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகக் குளிர்ந்து வியர்த்திருந்தால் கேஸ் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தடித்தது சாதாரணச் சூட்டில் இருந்து, மெல்லிய குழாயின் நட்டருகே வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் கேஸ் குறைவு. ஃபில்டர் அடைப்பினால் வரும் ஐஸ் தடித்த குழாய் வரைக்கும் வந்து நிற்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் உங்களிடம் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது.

கசிவு பெரும்பாலும் அந்த நட்டுகளில்தான். கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் வரும். அதில் தூசி ஒட்டி நட்டைச் சுற்றிப் பிசுபிசுவென்று கறுப்பு வளையம் நிற்கும். மாட்டுக்கொட்டிலை ஒட்டிக் கொல்லையில் அவுட்டோர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா பித்தளை நட்டில் மயிரிழை வெடிப்பு உண்டாக்கும். யூரியா மூட்டைகளையும் அங்கே அடுக்காதீர்கள். திறந்த சாக்கடைக்கு மேலே மாட்டிய பெட்டியில் செம்புக் குழாய் கறுத்து, ஊசித்துளை விழும். இந்த இரண்டு இடத்திலும் ஓட்டையை அடைப்பதோடு பெட்டியின் இடத்தையும் மாற்ற வேண்டும்.

மெக்கானிக் வந்தால் கேஜ் அளவை மட்டும் வைத்து முடிவுசெய்ய விடாதீர்கள். அழுத்தம் வெயிலுக்கும் கம்ப்ரஸர் வேகத்துக்கும் தக்கபடி மாறும். ஆர்22 என்ற கேஸ் உள்ள பழைய ஏசியில் ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ காட்டுவது சரி. ஆர்32, ஆர்410ஏ ஏசிகளில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு காட்ட வேண்டும். இன்வெர்ட்டர் வேகம் குறைந்திருக்கும்போது மாட்டிய கேஜ் எதையுமே சொல்லாது. அதோடு, பதர் அடைத்த பெட்டியில் எடுத்த அளவும் சரியாக இருக்காது. முதலில் கழுவுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள்.

"எங்கே லீக்னு காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். தெரியவில்லை என்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்த பிறகு வேக்கம் பம்பு போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டேன் என்பது வேலையல்ல. ஈரப்பதம் நிறைந்த நம் ஊர்க் காற்று உள்ளே தங்கினால் எண்ணெயைக் கெடுத்துக் கம்ப்ரஸரைத் தின்றுவிடும். பிறகு பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி, தராசில் சிலிண்டரை வைத்துக் கிராம் கணக்கில் கேஸ் ஏற்ற வேண்டும். ஆர்32 தீப்பற்றக்கூடியது, ஆர்290 இன்னும் எளிதில் பற்றும். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயைப் பற்றவைத்து ஒட்டத் தீயைக் கொண்டுவரச் சம்மதிக்காதீர்கள். அறையில் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

இன்டோர் காயிலிலேயே பல இடத்தில் ஊசித்துளை என்றால் ஒட்டுப்போட வேண்டாம், ஒன்று மூடினால் இன்னொன்று திறக்கும். காயிலை மாற்ற விலை கேளுங்கள். ஏசிக்கு எட்டு, பத்து வயதாகிவிட்டிருந்தால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுவது நல்லது.

எந்த வேலை நடந்தாலும் எங்கே கசிவு, எத்தனை கிராம் ஏற்றியது, தேதி என்ன என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பங்குனியில் அதே நட்டு கசிந்தால், அந்தப் பில்லைக் காட்டித்தான் பேச முடியும்.